துருக்கிய வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது? தமிழ் தெரிந்தவர்களுக்கு ஓர் அறிமுகம்

பென் த்யுன் அர்கதாஷுமா பிர் மெக்தூப் யாஸ்தும்.

இது ஒரு துருக்கிய வாக்கியம். சொல்லுக்குச் சொல் தமிழை அடியில் எழுதினால் நான், நேற்று, என் நண்பனுக்கு, ஒரு, கடிதம், எழுதினேன் என்று வரும். எந்தச் சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கில வழியில் துருக்கிய மொழி படிக்கிறவர்களுக்கு முதல் பாடத்திலேயே "வினை கடைசியில் வரும், பழகிக்கொள்ளுங்கள்" என்று ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த ஆறுதல் தேவையில்லை. நாம் தடுமாறுகிற இடங்கள் வேறு. அவற்றை ஆங்கில வழிப் பாடங்கள் நமக்கேற்ற மாதிரி சொல்வதில்லை. எது தானாக வரும், எங்கே நின்று கவனிக்க வேண்டும் என்று பிரித்துக்காட்டுவதுதான் இங்கே நோக்கம்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தால் இரண்டும் உறவு மொழிகளா என்று கேட்கத் தோன்றும். கால்டுவெல்லுக்கும் தோன்றியது. 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், துருக்கியம், பின்லாந்தின் ஃபின்னிய மொழி முதலியவற்றை உள்ளடக்கிய ஒரு பெருங்குழுவுக்கு 'சிதியன்' என்று பெயர் வைத்து, திராவிட மொழிகளை அதன் பக்கத்தில் நிறுத்தினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. விகுதிகளை ஒட்டிச் சொல் கட்டுவது உலகில் பல மொழிகள் தனித்தனியாகவே கைக்கொண்ட முறை. ஆக, உறவு இல்லை, ஒப்புமை உண்டு. படிக்கிறவனுக்கு ஒப்புமையே போதும்.

எழுத்தும் ஒலியும்

1928 முதல் துருக்கிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதற்கு முன் அரபு எழுத்து. இப்போதுள்ள எழுத்துகள் 29. எழுதுவதை அப்படியே படிக்கலாம். ஒரே ஒரு எழுத்து மட்டும் கண்ணாமூச்சி ஆடும்: மேலே சிறு பிறை வைத்த 'ஜி'. அதற்குத் தனி ஒலி கிடையாது, முன்னால் உள்ள உயிரை நீட்டிவிட்டு மறைந்துவிடும். நம் செய்தித்தாள்கள் 'எர்டோகன்' என்று எழுதும் பெயரை துருக்கியர் 'எர்தோவான்' என்பது போலச் சொல்வது இதனால்தான்.

உயிர்கள் எட்டு. அ, எ, இ, ஒ, உ ஐந்தும் நமக்குத் தெரிந்தவை. ஆறாவது, புள்ளி இல்லாத 'ஐ'. ஐரோப்பியர்கள் இதற்குப் படாதபாடு படுவார்கள். நமக்கு அது வாயிலேயே இருக்கிறது. 'அது', 'காசு' என்ற சொற்களின் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரம் ஏறத்தாழ இதேதான். 'குடம்' என்பதில் வரும் உகரம் உதடு குவிந்த உகரம். தமிழ் இரண்டையும் ஒரே குறியால் எழுதுகிறது. நானும் அப்படியே எழுதி, தேவையான இடத்தில் குற்றியலுகரம் என்று சொல்லிவிடுகிறேன். மிச்சம் இரண்டுதான் புதிது. 'எ' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் ஒன்று, 'இ' என்று சொல்லிக்கொண்டே குவித்தால் இன்னொன்று. பின்னதை இங்கே 'யு' என்று எழுதுகிறேன். மேலே வந்த 'த்யுன்' அந்த ஒலிதான்.

பெயர்ச்சொல்லின் வால்

எவ் என்றால் வீடு. எவ்லேர், வீடுகள். எவ்லேரிம், என் வீடுகள். எவ்லேரிம்தே, என் வீடுகளில். முதலில் பன்மை, அடுத்து யாருடையது, கடைசியில் வேற்றுமை உருபு. இந்த வரிசை மாறாது.

வேற்றுமைகளைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். எவி வீட்டை, எவே வீட்டுக்கு, எவ்தே வீட்டில், எவ்தேன் வீட்டிலிருந்து, எவின் வீட்டின். 'லே' என்ற உருபு கருவியையும் கூட இருப்பதையும் சேர்த்தே குறிக்கும். கலெம்லே என்றால் பேனாவால், அர்கதாஷும்லா என்றால் என் நண்பனோடு. ஆல், ஓடு இரண்டையும் நம் இலக்கணமும் மூன்றாம் வேற்றுமை என்ற ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறது.

இரண்டாம் வேற்றுமையில் ஒரு நுட்பம் உண்டு. கிதாப் ஒகுதும் என்றால் புத்தகம் படித்தேன். கிதாபு ஒகுதும் என்றால் புத்தகத்தைப் படித்தேன். முன்னதில் ஏதோ ஒரு புத்தகம், வாசிப்பு என்ற செயல்தான் முக்கியம். பின்னதில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். 'ஐ' எப்போது போட வேண்டும், எப்போது விடலாம் என்று தமிழ் பேசுகிற குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த உள்ளுணர்வு துருக்கியத்தில் பெரும்பாலும் அப்படியே செல்லும்.

ஆனால் எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்பதில் கை சுட்டுக்கொள்வோம். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம், துருக்கியர் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். நாம் என்னிடம் கேட்டான் என்போம், அவர்களுக்கு அது எனக்குக் கேட்டான். நாய்க்குப் பயப்படுகிறோம் நாம், அவர்கள் நாயிலிருந்து பயப்படுகிறார்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரு வினையைக் கற்கும்போதே அதன் உருபையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

எண் வந்தால் பன்மை வராது. யுச் கிதாப், மூன்று புத்தகம். பேச்சுத் தமிழில் 'மூணு புத்தகம்' என்பதுதான் அங்கே எழுத்து இலக்கணமும். ஆண்பால் பெண்பால் கிடையாது. 'ஒ' என்ற ஒரே சொல் அவன், அவள், அது எல்லாவற்றையும் குறிக்கும். நீ, நீங்கள் வேறுபாடு உண்டு, சென், சிஸ். முன்பின் தெரியாதவரைக் கூட அண்ணா, அக்கா, மாமா என்று அழைக்கிற பழக்கமும் அங்கே உண்டு, ஆபி, ஆப்லா, அம்ஜா என்று. அந்த 'அம்ஜா' அப்பாவின் சகோதரர். அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல், தாயு. 'அங்கிள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாத மொழி.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். 'ஆய்ஷேயின் வீடு' என்பதில் தமிழ் ஆய்ஷே மீது மட்டும் உருபு போடுகிறது. துருக்கியம் இரண்டு பக்கமும் போடும்: ஆய்ஷெனின் எவி. அதாவது ஆய்ஷேயின் அவள்-வீடு. என் வீடு, பெனிம் எவிம், என்னுடைய என்-வீடு. உடையவர் மேல் ஓர் அடையாளம், உடைமை மேல் இன்னோர் அடையாளம். உடைமை மேல் இருக்கும் விகுதியே யாருடையது என்று சொல்லிவிடுவதால் 'பெனிம்' என்பதை விட்டுவிட்டு 'எவிம்' என்று மட்டும் சொல்லலாம், பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழர்கள் தலைகீழாகச் செய்வார்கள். பெனிம் சொல்லிவிட்டு எவ் என்று நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் நம் மொழியில் அதோடு வேலை முடிந்துவிட்டது.

இந்த 'இ' விகுதி ஊர் முழுக்க எழுதி ஒட்டப்பட்டிருக்கும். இஸ்தான்புல்லில் கலாதா கோபுரத்தின் பெயர் கலாதா குலெசி. கோபுரம் என்பதற்குச் சொல் குலே, 'சி' என்பது 'அதன்'. தக்சிம் சதுக்கம், தக்சிம் மெய்தானு. இந்த மெய்தான் நம் மைதானம்தான், இருவருமே பாரசீகத்திலிருந்து வாங்கியது. கடைசியில் ஒட்டிய குற்றியலுகரம் அதே 'அதன்'. இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரு பெயராகும்போது பின்சொல் இந்த வாலோடுதான் வரும். பலகைகளைப் படிக்கும்போது இதை ஒரு முறை கவனித்துவிட்டால் அப்புறம் எங்கும் கண்ணில் படும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. வீட்டில் என்பதற்கு எவ்தே என்று பார்த்தோம். அவள் வீட்டில் என்றால் எவ், இ, தே மூன்றையும் சும்மா ஒட்ட முடியாது, நடுவில் ஒரு 'ன்' நுழையும்: எவின்தே. மரம் என்பது மரத்தை ஆகும்போது 'அத்து' நுழைகிறதே, அந்தச் சாரியை போல. ஆனால் 'உன் வீடு' என்பதும் எவின் என்பதால், உன் வீட்டில் என்றாலும் எவின்தே, அவள் வீட்டில் என்றாலும் எவின்தே. எது என்று பேச்சின் சூழல்தான் சொல்லும்.

உயிர் ஒத்திசைவு

மேலே 'எவ்லேர்' என்று எழுதினேன். அராபா என்றால் கார். கார்கள் என்பது அராபாலேர் ஆகாது, அராபாலார். ஏன்?

துருக்கியத்தின் எட்டு உயிர்களும் இரண்டு அணி. நாக்கு முன்னால் போய்ச் சொல்பவை ஓர் அணி: எ, இ, அவற்றின் குவிந்த வடிவங்கள் இரண்டு. நாக்கு பின்னால் நின்று சொல்பவை மற்றோர் அணி: அ, ஒ, உ, குற்றியலுகரம். ஒரு சொல்லின் கடைசி உயிர் எந்த அணியோ, அதே அணி உயிர்தான் விகுதியிலும் வர வேண்டும். எவ் முன் அணி, எனவே லேர், தே, தேன். ஒகுல் என்றால் பள்ளி, பின் அணி, எனவே ஒகுல்லார், ஒகுல்தா, ஒகுல்தான். பன்மை விகுதி இரண்டு இல்லை. ஒன்றுதான், அது உடை மாற்றிக்கொள்கிறது.

சில விகுதிகளுக்கு நான்கு உடை. 'என்' என்ற விகுதி எவ் பின்னால் வந்தால் இம், ஒகுல் பின்னால் வந்தால் உதடு குவிந்த உம், அர்கதாஷ் பின்னால் வந்தால் குற்றியலுகர உம், 'த்யு' போன்ற ஒலிக்குப் பின் யும். இங்கே நாக்கின் இடத்தோடு உதட்டின் குவிவும் கணக்கில் வருகிறது. அட்டவணை போட்டுப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகத்தான் படுகிறது. வாய் சோம்பேறி, ஒரு முறை நாக்கை முன்னால் கொண்டுபோய்விட்டால் அங்கேயே இருக்கத்தான் பார்க்கும். உரக்கப் படித்தால் சில வாரங்களில் 'ஒகுல்தே' என்று சொல்லவே வாய் கூசும்.

நமக்கு இது முழுக்க அன்னியமும் இல்லை. இடம் பேச்சில் எடம் ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது. அடுத்து வரும் அகரம் முன்னால் இருக்கும் இ, உ இரண்டையும் தன் பக்கம் இழுக்கிறது. துருக்கியத்தில் இழுப்பு முன்னிருந்து பின்னுக்கு, தமிழில் பின்னிருந்து முன்னுக்கு. விதிவிலக்குகள் உண்டு, முக்கியமாக அரபியிலிருந்து வந்த சில சொற்களில். சாஆத், அதாவது மணி அல்லது கடிகாரம், பின் அணியாக இருந்தும் சாஆத்லேர் என்றுதான் பன்மை ஏற்கும்.

மெய்களிலும் ஒத்திசைவு உண்டு, அது நமக்கு இனாம். கிதாப் என்பதன் கடைசி ஒலி வல்லின ப். உயிர் ஒட்டினால் அது மென்மையாகி, 'அபாயம்' என்பதில் வரும் ப போல ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவே வல்லினம் மெலிவது தமிழ் நாக்கின் இயல்பு. துருக்கியர் இதற்கு எழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அதுபோல உயிரோடு உயிர் மோதினால் நடுவில் யகரம் வந்து நிற்கும். உடம்படுமெய் என்று சொன்னால் நமக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

வினை

கெல் என்றால் வா. கெல்திம் வந்தேன், கெல்தின் வந்தாய், கெல்தி வந்தான், வந்தாள், வந்தது. கெல்திக் வந்தோம், கெல்தினிஸ் வந்தீர்கள், கெல்திலேர் வந்தார்கள். பகுதி, காலம், இடம் என்ற நம் வரிசையே. ஆனால் நம் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று பல முகம். எந்த வினைக்கு எது என்பதை வெளிநாட்டவர் தனித்தனியாகக் கற்க வேண்டும். துருக்கியத்தில் 'தி' ஒன்றுதான், ஒத்திசைவுக்கேற்ற உடை மாற்றங்களோடு. ஒழுங்கற்ற வினைகள் மிக மிகக் குறைவு. பழக்கத்தைக் குறிக்கும் காலத்தில் மட்டும் 13 ஓரசை வினைகள் வேறு உயிரை ஏற்கும். கெல் அவற்றில் ஒன்று.

எதிர்மறை, பகுதிக்கும் காலத்துக்கும் நடுவில் நுழையும். கெல்மெதிம், வரவில்லை. இங்கே தமிழ் செய்யாத ஒன்று நடக்கிறது. நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை என்று நம் எதிர்மறை எல்லோருக்கும் ஒரே முகம் காட்டும். துருக்கிய எதிர்மறையில் ஆள் தெளிவாகத் தெரிவார்: கெல்மெதிம், கெல்மெதின், கெல்மெதி. இன்னும் ஒரே ஓர் உயிரைச் சேர்த்துக் கெலெமெதிம் என்றால் வர முடியவில்லை. வராததற்கும் வர முடியாததற்கும் இடையே ஒரு சின்ன எகரம்தான் வித்தியாசம். மன்னிப்புக் கேட்கும்போது அதை விழுங்கிவிடாதீர்கள்.

பெயர்ச்சொல் மேலும் ஆள் விகுதி ஏறும். தொக்தோரும், நான் டாக்டர். இன்றைய தமிழில் இப்படிச் சொல்வதில்லை என்றாலும் 'அடியேன்', 'நாயேன்', 'சிறியேன்' என்று பழைய பாடல்களில் கேட்டிருப்போம். பெயரின் மேல் நேராக 'ஏன்' ஏறிய வடிவங்கள் அவை. ஆனால் ஜாக்கிரதை, 'என் டாக்டர்' என்பதும் தொக்தோரும்தான். 'தோ' மேல் அழுத்தினால் நான் டாக்டர், கடைசி 'ரும்' மேல் அழுத்தினால் என் டாக்டர்.

வார், யோக் என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. இருக்கிறது, இல்லை. ஆங்கிலத்தில் போல 'வைத்திருத்தல்' என்ற வினை இங்கே கிடையாது. பாராம் யோக், என் பணம் இல்லை, அதாவது என்னிடம் பணம் இல்லை. 'அல்ல' என்பதற்குத் தனிச்சொல் உண்டு, தெயில். நாம் பேச்சில் இல்லை, அல்ல இரண்டையும் கலந்துவிட்டோம். தொக்தோர் தெயிலிம் என்பது 'டாக்டர் அல்லேன்' என்ற பழைய கட்டுமானம். இதில் யோக் போட்டால் தப்பு.

கேள்விக்கு 'மி' போதும். கெல்தி மி? வந்தாளா? நம் 'ஆ' போலவே எந்தச் சொல்லில் சந்தேகமோ அதன் பின்னால் போய் நிற்கும். ஆய்ஷே மி கெல்தி? ஆய்ஷேயா வந்தாள்? ஆய்ஷே த்யுன் ம்யு கெல்தி? ஆய்ஷே நேற்றா வந்தாள்? ஆங்கிலத்தில் குரலை ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டியதை இரு மொழிகளும் ஒரு துகளை நகர்த்தி முடித்துவிடுகின்றன.

பார்த்ததும் கேட்டதும்

துருக்கியத்தில் இறந்தகாலம் இரண்டு. கெல்தி என்றால் வந்தான், நான் சொல்கிறேன், உறுதி. கெல்மிஷ் என்றால் வந்தானாம், அல்லது வந்திருக்கிறான் போல. காதில் கேட்ட செய்திக்கு நாம் 'ஆம்' போடுகிறோம். ஈரமான தெருவைப் பார்த்து 'மழை பெய்திருக்கிறது' என்று ஊகிக்கும்போது 'இரு' போடுகிறோம். துருக்கியத்துக்கு இரண்டும் ஒன்றே, இரண்டிலும் பேசுகிறவர் சம்பவ இடத்தில் இல்லை. யாமுர் யாமுஷ் என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மழையாகவும் இருக்கலாம், தெருவின் ஈரத்தில் கண்ட மழையாகவும் இருக்கலாம்.

தன்னைப் பற்றியே இப்படிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. உயுமுஷும், தூங்கிப்போயிருக்கிறேன். தூங்கியபோது நான் அங்கே 'இல்லை', விழித்த பிறகுதான் தெரிந்தது. கதை தொடங்கும்போதும் இந்த விகுதிதான்: பிர் வார்முஷ், பிர் யோக்முஷ். ஒரு காலத்தில் இருந்ததாம், ஒரு காலத்தில் இல்லையாம்.

கண்ணால் பார்த்தால் தி, பார்க்காவிட்டால் மிஷ் என்று பாடங்கள் சுருக்கிவிடுகின்றன. அது பாதி உண்மை. துருக்கியக் குடியரசை நிறுவிய அததுர்க் 1881இல் பிறந்தார் என்று சொல்ல 'தி' தாராளமாக வரும், சொல்கிறவர் யாரும் அங்கே இருந்ததில்லை. ஊரறிந்த உண்மைக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளத் தயக்கமில்லை, அவ்வளவுதான். சொல்லுக்கு நான் பொறுப்பா, இல்லையா என்பதே அசல் கேள்வி.

எச்சங்கள்

துருக்கிய வாக்கியம் நீளும்போது ஆங்கில வழியில் வந்தவர்கள் மூச்சுத்திணறுவார்கள். நமக்கு அது வினையெச்சமும் பெயரெச்சமும்தான். கெலிப் ஒதுர்து, வந்து உட்கார்ந்தான். கெலின்ஜே, வந்ததும். யெமெதேன் கித்தி, சாப்பிடாமல் போனான். கெலிர்செ, வந்தால். நம் 'என்று' கூட அங்கே இருக்கிறது. கெல்மெ தியெ பாஉர்து, வராதே என்று கத்தினான். 'என்று' என்பது 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து வந்தது போல, 'தியெ'யும் சொல்லுதலைக் குறிக்கும் 'தெ' என்ற வினையிலிருந்து வந்தது.

பெயரெச்சத்தில் மட்டும் நிதானம் வேண்டும். 'பார்த்த பெண்' என்று தமிழில் சொன்னால் அவள் பார்த்தாளா, அவளை யாரோ பார்த்தார்களா? இரண்டும் ஆகலாம். துருக்கியம் இதற்கு இரண்டு விகுதி வைத்திருக்கிறது. செவென் காதுன், நேசிக்கிற பெண். செவ்தியிம் காதுன், நான் நேசிக்கிற பெண். செயலைச் செய்தவரையே விவரித்தால், 'செவென்' என்பதன் கடைசியில் உள்ள 'என்'. வேறொருவர் செய்த செயலின் வழியே விவரித்தால் 'திக்', அதன் மேல் அந்த வேறொருவருக்கு உரிய உடைமை விகுதி. 'திக்' கடைசி ககரம் உயிர் வந்ததும் மென்மையாகி, முன்பு சொன்ன அந்த ஒலியில்லாத எழுத்தாகிவிடும்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அன்னெமின் யாப்தூ சோர்பாயு இச்மெதேன் சுக்தும். என் அம்மா செய்த சூப்பைக் குடிக்காமல் கிளம்பினேன். அன்னெ, அம்மா. அதன் மேல் 'ம்', என். அதன் மேல் 'இன்', உடைய. யாப், செய். அதன் மேல் 'திக்'கின் பின் அணி வடிவம், அதற்கு மேல் 'அவளது' என்ற விகுதி, இரண்டும் கரைந்து ஒரு நீண்ட குற்றியலுகரமாக ஒலிக்கிறது. சோர்பா, சூப். உடம்படுமெய் ய், பிறகு இரண்டாம் வேற்றுமை, ஏனென்றால் அது ஏதோ ஒரு சூப் இல்லை. இச், குடி. மெதேன், ஆமல். சுக், வெளியே போ. து, இறந்தகாலம். ம், நான். இவ்வளவிலும் தமிழில் நேராக இல்லாதது இரண்டே இடம்: அம்மா மேல் ஏறிய 'இன்', அதற்கு இணையாகச் செய்தல் மேல் ஏறிய 'அவளது'. ஆய்ஷெனின் எவி என்ற அந்த இரட்டை அடையாளமேதான் இங்கே வினைக்குள் புகுந்திருக்கிறது.